இராட்டினத்தின் காது

என் முதல் வேலை, நின்றுகொண்டு கேட்பது. பகிடி இல்லை. பிற்பகல் மூன்று மணியிலிருந்து பொழுது சாயும்வரை ஒரு கிணற்றுக்கட்டில் ஏறி நின்று வானத்துக்குக் காது கொடுக்க வேண்டும். அதற்குச் சம்பளமும் தந்தார்கள். அந்த வேலைக்கு இருக்க வேண்டிய ஒரேயொரு தகுதி என்னிடம் பாதிதான் இருந்தது. மற்றப் பாதி இல்லாததை மறைத்துக்கொண்டுதான் சேர்ந்தேன்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு சண்டிலிப்பாயில், புகையிலை வெட்டி முடிந்த ஒரு தோட்டக் காணியில் சிறுவர் பூங்கா ஒன்று நடந்தது. நடத்தியவரை எல்லோரும் முதலாளி என்றே கூப்பிட்டோம். எண்பத்து மூன்றுக்கு முன்னர் தென்னிலங்கை முழுக்கக் கானிவேல் கொண்டு திரிந்த மனுசன். கலவரத்தில் எரிந்தது போக மிச்சத்தை லொறியில் ஏற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தவர். மிச்சம் என்றால் மூன்று மரக்குதிரைகள், ஒரு சறுக்கும் பலகை, நாலைந்து ஊஞ்சல், பிறகு எட்டுத் தொட்டில் வைத்த இராட்டினம். பிள்ளைகள் வந்தது இராட்டினத்துக்குத்தான். குதிரைகளில் ஏறியவர்கள்கூட இராட்டினத்துக்கு முறை வரும்வரை காத்திருந்தவர்கள்.

சண்டை தொடங்கிக் கரண்ட் போய் மூன்று வருடம். ஆகவே இராட்டினத்தைச் சுழற்றியது தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெசின். அதை உயிர்ப்பிக்க ஒரு மருந்துப் போத்தலிலிருந்து நாலு சொட்டுப் பெற்றோல் விட வேண்டும். சூடு பிடித்தபிறகு மண்ணெண்ணெயில் ஓடும். பெற்றோல் அப்போது கண்ணில் காண முடியாத சாமான், முதலாளி அந்தப் போத்தலை மடியில் கட்டிக்கொண்டு திரிவார். மெசின் ஓடத் தொடங்கினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. குண்டு போடுகிற பொம்மர் வந்தாலும் தெரியாது. அதனால்தான் இராட்டினத்துக்கு ஒரு காது தேவைப்பட்டது. மெசினிலிருந்து தள்ளி, காணியின் கடைசி மூலையில் இருந்த கிணற்றுக்கட்டில் சிவப்புத் துணி கட்டிய தடியோடு ஒருவர் நிற்பார். வானத்தில் இரைச்சல் கேட்டதும் துணியை உயர்த்துவார். துணியைக் கண்டவுடன் மெசின்காரர் மெசினை நிறுத்துவார்.

நிறுத்தினால் போதும் என்று நினைக்கக் கூடாது. எட்டுத் தொட்டிலிலும் பிள்ளைகள் இருக்கும்போது கிட்ட உள்ளதை முதலில் இறக்கி, அடுத்து அதன் பக்கத்துத் தொட்டிலை இறக்கினால், பாரம் ஒரு பக்கம் சாய்ந்து சக்கரம் தன்பாட்டில் சுழன்றுவிடும். ஒன்றாம் தொட்டிலை இறக்கினால் அதற்கு எதிரே உள்ள ஐந்தை இறக்க வேண்டும். பிறகு மூன்று, ஏழு. பிறகு இரண்டு, ஆறு. கடைசியாக நாலு, எட்டு. ஒவ்வொன்றுக்கும் சக்கரத்தைக் கையால் தள்ளி, மரக்கட்டை கொடுத்து நிறுத்த வேண்டும். கைதேர்ந்த இரண்டு பேர் செய்தாலும் நாலு நிமிடம் எடுக்கும். பொம்மரின் இரைச்சல் காதில் விழுந்து அது தலைக்கு மேலே வருவதற்கு அதற்கு மேல் நேரம் எடுக்காது. ஆகவே முதல் இரைச்சலிலேயே துணி உயர வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினால் இரண்டு தொட்டில் மேலே நிற்கும். இந்தக் கணக்கு எனக்குச் சாப்பிடும்போதும் ஓடும்.

என்னை வேலைக்கு எடுத்த அன்று முதலாளி கேட்டது ஒரே கேள்வி.

"எந்த ஊர் பிள்ளை?"

"மயிலிட்டி."

"பிறகென்ன! பலாலிப் பிளேனுகளின்ரை சத்தத்திலை தாலாட்டுக் கேட்டு வளந்த ஆள். உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை."

அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் வீட்டுக்கும் பலாலி விமான ஓடுபாதைக்கும் அதிக தூரம் இல்லை. எந்தப் பிளேன் இறங்குகிறது, எது ஏறுகிறது என்று அடுப்படியில் இருந்தபடியே சொல்லிவிடுவேன். ஆனால் தொண்ணூறில் ஊரைவிட்டு ஓடி வருவதற்குச் சற்று முன் எங்கள் வளவு வேலியடியில் ஷெல் விழுந்தது. நான் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றேன். இடது காதால் இரண்டு நாள் இரத்தம் வடிந்தது. இரத்தம் நின்றபோது அந்தக் காது கேட்பதும் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக ஓர் இரைச்சல் வந்து குடியேறியது. தூரத்தில் அரிசி ஆலை ஓடுவதுபோல, ஓயாத இரைச்சல். தலையிடி வந்தாலும் நித்திரை குறைந்தாலும் அது கூடும்.

இதை அம்மாவைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. அம்மாவும் நானும் ஒரு தோட்டக்காரரின் புகையிலைக் கொட்டிலில் ஒதுங்கியிருந்தோம். அப்போது எனக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். கையில் ஒன்றும் இல்லாமல் இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துக்கு அது பெரிய விஷயம்.

"காது விஷயம் வெளியிலை போகப்படாது," என்றா அம்மா. "ஒரு காது போனதெண்டு சொன்னால் சனம் செவிடியெண்டுதான் கதைக்கும். ஆரும் கூப்பிட்டால் முழுசாத் திரும்பிப் பார். அவ்வளவுதான்."

பூங்கா வேலையைப் பற்றிச் சொன்னபோது அம்மா என் இடது காதோரத் தலைமயிரை ஒதுக்கிப் பார்த்தா. பிறகு, "மற்றக் காது நல்லாத்தானே கேக்குது," என்றா. நானும் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு வேலை வேண்டியிருந்தது. அதோடு கொட்டிலில் அடைந்து கிடந்து விசர் பிடிக்கும் நிலையில் இருந்தேன். பிள்ளைகள் சிரிக்கிற இடத்தில் நிற்கலாம் என்ற ஆசையும் இருந்தது. எதுவும் நியாயமான காரணம் இல்லை என்று இப்போது தெரிகிறது.

ஒரு காதால் கேட்கிறவருக்குச் சத்தம் கேட்கும், ஆனால் திசை தெரியாது. அதை நான் கிணற்றுக்கட்டில் நின்றுதான் கண்டுபிடித்தேன். ஓர் இரைச்சல் வந்தால் கோழி மாதிரித் தலையைத் திருப்பித் திருப்பி நாலு பக்கமும் வலது காதைக் காட்ட வேண்டும். திசையாவது பரவாயில்லை. உண்மையான இரைச்சல் எது, என் தலைக்குள் ஓடுகிற அரிசி ஆலை எது என்பதே பல நேரம் பிடிபடவில்லை. சந்தேகம் வந்தபோதெல்லாம் துணியை உயர்த்தினேன். மெசின் நிற்கும். பிள்ளைகள் வரிசைப்படி இறங்கி, குண்டுக்கு ஒளிக்க வெட்டிய பங்கர் குழிக்குள் ஓடுவார்கள். வானம் வெறுமையாக இருக்கும். கால் மணி நேரம் கழித்து எல்லோரும் மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே வருவார்கள். முதலாளி என்னைப் பார்த்தபடியே நாலு சொட்டுப் பெற்றோல் விடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை மூன்று தரம் உயர்த்தினேன். மூன்றும் பொய். மூன்றாம் தரம் முதலாளி கிணற்றடிக்கே வந்துவிட்டார்.

"உதென்ன பிள்ளை, காகம் பறந்தாலும் துணியைத் தூக்குறாய்? பெற்றோல் என்ன எங்கடை கிணத்திலையே ஊறுது?"

"கேட்ட மாதிரி இருந்தது முதலாளி."

"கேட்ட மாதிரி இருந்தால் போதாது. கேக்க வேணும். சனம் சிரிக்குது. பொய்யாப் பொய்யாத் தூக்கினால் உண்மையா வரேக்கை ஒருத்தரும் ஓடாயினம்."

அவர் சொன்னதில் பிழையில்லை. வாசலில் பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்த தாய்மார் சிலர் உண்மையிலேயே சிரித்துக்கொண்டு நின்றார்கள். மெசின்காரர் மட்டும், நல்ல மனுசன், கையைத் துணியில் துடைத்தபடி, "வராமல் விட்டது நல்லதுதானே முதலாளி," என்றார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. முதலாளியில் இல்லை, என் காதில்.

அன்று இரவு நித்திரை இல்லை. அரிசி ஆலை முழு வேகத்தில் ஓடியது. உண்மையைச் சொல்லி வேலையை விட்டுவிடுவோமா என்று யோசித்தேன். சொன்னால் அடுத்த நாளே ஊர் முழுக்கப் பரவும், அம்மா இடிந்துபோவா. சொல்லாமல் நின்றுகொண்டால்? நாலாம் தொட்டிலும் எட்டாம் தொட்டிலும் மேலே நிற்பது கண்ணுக்குள் வந்தது. விடியப்புறம் எனக்கு ஒரு வழி தோன்றியது. எவ்வளவு கெட்டித்தனம் என்று அப்போது நினைத்தேன்! சந்தேகம் வரும்போது வலது காதை விரலால் இறுக்கி அடைக்க வேண்டும். அடைத்தபிறகும் இரைச்சல் கேட்டால் அது என் தலைக்குள் இருப்பது. நின்றுபோனால் அது வெளியே, வானத்தில் இருப்பது. அப்படியானால் துணியைத் தூக்கலாம்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை, பிள்ளைகள் வழிந்தார்கள். தாய்மாரும் கடலைக்காரியுமாகக் காணி நிறைந்திருந்தது. வெயில் சரியாகத் தணியாத நேரம். எட்டுத் தொட்டிலும் நிரம்பி இராட்டினம் சுற்றத் தொடங்கியது. ஓர் இரைச்சல் கேட்டதுபோல இருந்தது. நான் தடியைக் காலடியில் வைத்துவிட்டு விரலால் வலது காதை அடைத்தேன். இரைச்சல் நிற்கவில்லை. பெரிய ஆறுதலாக இருந்தது, என் அரிசி ஆலைதான் என்று. இருந்தாலும் ஒருமுறைக்கு இருமுறை உறுதிப்படுத்துவோம் என்று கண்ணையும் மூடிக்கொண்டு விரலை இன்னும் அழுத்தினேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. அரை நிமிடம் இருக்கலாம், கூடவும் இருக்கலாம்.

கண்ணைத் திறந்தபோது இராட்டினத்தின் உச்சித் தொட்டிலில் இருந்த பிள்ளைகள் எனக்குக் கை காட்டினார்கள். அதற்குக் கீழே இருந்தவர்களும் கை காட்டினார்கள். எல்லாக் கைகளும் நீட்டியபடி இருந்தன. நான் விரலைக் காதில் வைத்துக்கொண்டே சிரித்து, மற்றக் கையைத் தூக்கி அவர்களுக்கு ஆட்டினேன். இதை எழுதும்போது அந்தக் கை கூசுகிறது.

அவர்கள் எனக்குக் கை காட்டவில்லை. தெற்கே சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

விரலை எடுத்தேன். மெசின் சத்தம் இல்லை. மெசின்காரர் பிள்ளைகளின் கைகளைக் கண்டு ஏற்கெனவே நிறுத்தியிருந்தார். மெசின் நின்ற அமைதியில் அந்த இரைச்சல் எனக்கும் தெளிவாகக் கேட்டது. அரிசி ஆலை இல்லை, பொம்மர். என் ஆலை ஓயாதது, காதை அடைத்தால் எப்போதும் அதுதான் கேட்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. துணியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். வாழ்க்கையில் அப்படி நான் ஓடியதில்லை.

முதலாளியும் மெசின்காரரும் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் மரக்கட்டையைக் கொடுத்தேன். ஒரு பிள்ளையும் கத்தவில்லை. பெரியவர்கள்தான் இராட்டினத்தைச் சுற்றிய கம்பிக்கு வெளியே ஐயோ என்று குழறினார்கள். தொட்டில்களில் இருந்தவர்கள் ஆடாமல் இருந்தார்கள், முறை பிசகக் கூடாது என்று அவர்களே சொல்லிக்கொண்டும் இருந்தார்கள்.

"ஒண்டு இறங்கிட்டுது. இனி ஐஞ்சு. ஐஞ்சைக் கொண்டு வாங்கோ."

"நாங்கள் ரெண்டு. எங்களுக்கு இன்னும் இருக்கு, நீங்கள் மூண்டை இறக்குங்கோ."

ஆறாவது தொட்டிலை இறக்கும்போது பொம்மர் ஒன்று எங்கள் தலைக்கு மேலால் போய் வளைந்து திரும்பியது. நாலிலும் எட்டிலும் இன்னும் பிள்ளைகள் இருந்தார்கள். நாலைக் கீழே கொண்டுவந்து மூன்று பேரை இழுத்து எடுத்தோம். எட்டு நேர் உச்சியில் நின்றது. அதில் பத்து வயதுப் பெண்பிள்ளை ஒன்று தன் தம்பியோடு இருந்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிற பிள்ளை அவள். பொம்மர் பதிந்து இறங்கியது. அவள் தம்பியைத் தொட்டிலின் அடியில் தள்ளி அவன்மேல் குப்புறப் படுத்ததைக் கீழே நின்று பார்த்தேன். எதிர்ப்பாரம் இல்லாத சக்கரத்தை மெசின்காரர் தோளால் முண்டு கொடுத்துப் பிடித்தார். முதலாளி எல்லாத் தெய்வங்களையும் ஒரே மூச்சில் கூப்பிட்டார். எனக்கு ஒரு தெய்வத்தின் பெயரும் வரவில்லை.

குண்டு வேறு எங்கேயோ விழுந்தது. நிலம் அதிர்ந்தது, பிறகு தெற்குப் பக்கத்தில் பனைகளுக்கு மேலே புகை எழுந்தது. அது இன்னொருவர் வீட்டின் மேல் விழுந்திருக்கும். அது விளங்கியும் எனக்கு உடம்பெல்லாம் ஆறுதல் பரவியது. அந்த ஆறுதலுக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அந்த இரண்டு பிள்ளைகளையும் இறக்கி, நானும் அவர்களோடு பங்கருக்குள் இறங்கினேன்.

பங்கருக்குள் நாங்கள் இருபது பேர்வரை நெருங்கிக் குந்தியிருந்தோம். அந்தப் பிள்ளை என் வலது பக்கத்தில் இருந்தாள். தம்பி அவள் மடியில் கச்சான் கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தான்.

"முதல்லை ஆர் கண்டது?" என்று கேட்டேன்.

"நான்தான் அக்கா. என்ரை முறை."

"என்ன முறை?"

அவள் இதென்ன கேள்வி என்பதுபோல என்னைப் பார்த்தாள். "மேலை போனாப் பிறகு ஒவ்வொரு சுத்துக்கும் ஒவ்வொராள் வானம் பாக்கிறனாங்கள். மற்ற ஆக்கள் சிரிச்சு விளையாடலாம். அடுத்த சுத்து மற்ற ஆள். கனநாளா அப்பிடித்தான்."

"அதுக்குத்தானே நான் கிணத்தடியிலை நிக்கிறன்?"

அவள் தயங்கினாள். பெரியவர்களின் மனம் நோகாமல் பேசப் பழகிய பிள்ளை.

"அக்காவுக்கு ஒரு பக்கம் கேக்காதெல்லே."

அம்மாவும் நானும் மூன்று வருடம் காத்த இரகசியம்.

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. உங்கடை இடது பக்கத்திலை நிண்டு கூப்பிட்டால் திரும்பிறேல்லை. வலது பக்கம் எண்டால் திரும்புவியள். நாங்கள் எல்லாரும் கூப்பிட்டுப் பாத்தனாங்கள்."

"அப்ப ஏன் முதலாளியிட்டைச் சொல்லேல்லை?"

"சொன்னால் ராட்டினத்தை நிப்பாட்டிப்போடுவினம்," என்றாள் அவள்.

நான் அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை. அழவும் இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. யாரில் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் ஒரு காதை வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக எண்ணி நித்திரையில்லாமல் கிடந்திருக்கிறேன். அவர்களோ என்னையும் சேர்த்துக் காவல் காத்திருக்கிறார்கள். அந்த உயரத்தில் அவர்கள் போட்ட சிரிப்புச் சத்தத்தை எத்தனை நாள் கிணற்றடியில் நின்று கேட்டு மகிழ்ந்திருப்பேன். அதில் எப்போதும் ஒரு குரல் குறைந்திருந்ததை நான் கவனித்ததே இல்லை.

அன்று மாலை, சனம் எல்லாம் போனபிறகு முதலாளியிடம் சொன்னேன். அவர் குதிரை ஒன்றின் முதுகில் குந்தியிருந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எந்தக் காது?" என்று மட்டும் கேட்டார்.

"இடது."

"நானும் சோதிச்சுப் பாக்கேல்லை," என்றார். "மயிலிட்டி எண்டவுடனை வேறையொண்டும் கேக்கத் தோன்றேல்லை. என்னிலைதான் பிழை." பிறகு மெசின்காரரைக் கூப்பிட்டு, மெசினையும் சக்கரத்தையும் இணைக்கிற நாடாவைக் கழற்றி உள்ளே வைக்கச் சொன்னார். புதிதாகக் காது நல்ல ஆட்கள் இரண்டு பேர் கிடைக்கும்வரை இராட்டினம் ஓடாது என்றார். என்னை இனி ஊஞ்சல்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வீட்டில் அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். அவ சோற்றுச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "சரி, சொல்லிப்போட்டாய்," என்றா. அந்தச் சம்பந்தம் அந்த மாதமே நின்றுபோனது. அதற்காக நான் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை ஊஞ்சல்களுக்குப் பக்கத்தில் நின்றேன். பிள்ளைகள் வாசலால் ஓடி வந்து, நாடா கழற்றிய இராட்டினத்தைக் கண்டதும் நின்றார்கள். வந்திருந்த தாய்மாருக்கு முதலாளி எல்லாவற்றையும் விளக்கினார். அவர்கள் என்னிடம் வந்து, நல்ல காரியம் செய்தாய் பிள்ளை, உண்மையைச் சொன்னாயே என்றார்கள். ஒருத்தி என் கையைக்கூடப் பிடித்தாள். பிள்ளைகள் ஒருவரும் என்னிடம் வரவில்லை. இரண்டு பேர் குதிரையில் ஏறினார்கள். மிச்சப் பேர் கம்பிக்குப் பின்னால் நின்று சக்கரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெகு நேரம் கழித்து அந்தப் பிள்ளை தம்பியின் கையைப் பிடித்தபடி வந்தாள். என்னைச் சுற்றிக்கொண்டு போய் என் வலது பக்கத்தில் நின்றாள். ஏசப் போகிறாள் என்று நினைத்தேன், அதற்கு ஆயத்தமாகவும் இருந்தேன்.

"நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தாலும் நாங்கள் வானத்தை வடிவாப் பாத்திருப்பம், அக்கா," என்றாள்.